புகைபோக்கியையும் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள்

திருப்பூர்க்காரன் என்று சொன்னால் வெளியூரில் இரண்டு கேள்விகள் கட்டாயம் வரும். பனியன் அங்கே என்ன விலை என்பது ஒன்று. நொய்யலில் இன்னும் சாயத் தண்ணீர் ஓடுகிறதா என்பது இன்னொன்று. இரண்டாவது கேள்விக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஊரே ஆடிப்போனது. அப்புறம்தான் ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே போகக் கூடாது என்ற ஏற்பாட்டோடு பட்டறைகள் படிப்படியாகத் திரும்ப ஓட ஆரம்பித்தன. இன்றைக்கு இங்கே சாயத் தொழிலில் இருக்கும் யாரைக் கேட்டாலும் சுத்திகரிப்பு நிலையம், சவ்வு வடிகட்டி, உப்பு மீட்பு என்று ஒரு மணி நேரம் பேசுவார்கள். தண்ணீர்க் கணக்கு அவ்வளவு அத்துப்படி.

காற்றைப் பற்றிக் கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது.

சாயப்பட்டறைகளிலும் மில்களிலும் நீராவிச் செலவைக் குறைத்துக் கொடுப்பது என் தொழில். அதனால் என் வேலை பெரும்பாலும் பாய்லர் ஷெட்டில்தான். பட்டறையிலேயே யாரும் எட்டிப் பார்க்காத மூலை அது. துணிக்குச் சாயம் ஏற்ற வெந்நீர் வேண்டும், வெந்நீருக்கு நீராவி வேண்டும், நீராவிக்கு விறகு எரிய வேண்டும். கழிவுநீரைச் சுத்தம் செய்வதற்கும் அதே கதைதான். சவ்வு வடிகட்டியில் நல்ல தண்ணீரைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுகிற உப்புக் கரைசலை ஆவியாக்கியில் கொதிக்க வைத்து வற்றடிக்கிறார்கள். அதற்கும் நீராவி வேண்டும். ஆக, நொய்யலைக் காப்பாற்றுவதற்கும் ஒரு பாய்லர் எரிந்துகொண்டிருக்கிறது. ஆற்றைக் காப்பாற்றியதைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த வேலை நடந்தே ஆக வேண்டியிருந்தது. தண்ணீருக்குக் காட்டிய அக்கறையில் பாதியாவது காற்றுக்குக் காட்டக் கூடாதா என்பதுதான் என் ஆதங்கம்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்ன கேட்கிறது, அனுமதிச் சான்றில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்குள் நான் போகப் போவதில்லை. அவை தெரிந்த விஷயங்கள். யாரும் கேட்காமல், நோட்டீஸ் வராமல், ஒரு முதலாளி தானாக என்னென்ன செய்யலாம் என்று பாய்லர் பக்கத்தில் நின்று பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் புகை என்றால் என்ன என்று தெளிவாகிவிடலாம். விறகு சூடானதும் அதிலிருந்து வாயுக்கள் கிளம்பும். அந்த வாயுக்களுக்குப் போதுமான காற்றும், சூடும், அடுப்புக்குள் தங்கி எரிய நேரமும் கிடைத்தால் முழுசாக எரிந்துவிடும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் எரியாத மிச்சம் கரித்துகளாகவும் தார் போன்ற ஆவியாகவும் சிம்னி வழியாக வெளியேறும். கன்னங்கரேல் என்று வந்தால் காற்றுக்கு மீறி விறகைத் திணித்திருக்கிறார்கள் என்று பொருள். அடர்ந்த வெள்ளையாக வந்தால் விறகு ஈரம், அல்லது அடுப்பு இன்னும் சூடேறவில்லை. நன்றாக எரியும் அடுப்பின் சிம்னியில் லேசான மங்கல்தான் தெரியும். புகையின் கருமையைக் கண்ணால் அளக்க ரிங்கல்மன் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஓர் அட்டை செய்து வைத்தார். சுத்த வெள்ளைக்குப் பூஜ்யம், முழுக் கறுப்புக்கு 5, நடுவில் கட்டம் போட்ட சாம்பல் நிறங்கள். கருவி வாங்க வசதியில்லாத பட்டறையிலும் இந்த அட்டையைப் பார்த்து ஒரு நோட்டில் எண்ணை எழுதி வைக்கலாம். நான் போகிற இடங்களில் முதலில் இதைத்தான் மாட்டச் சொல்கிறேன்.

எதனால் புகை வருகிறது என்று தேடிப் போனால் பல சமயம் அடுப்புக்கு வெளியே போய் நிற்க வேண்டியிருக்கும். ஒரு பட்டறையில் மதியத்துக்கு மேல் சிம்னி கரும்புகையாகக் கக்கும், காலையில் அப்படி இருக்காது. பாய்லர் ஆளிடம் கேட்டேன். "நாலு மெஷினும் ஒரே நேரத்துல ஸ்டீம் இழுக்குதுங்ணா. பிரஷர் இறங்குதுன்னு மேல இருந்து போன் வருது. அடைச்சு விட்டாத்தானுங்ணா ஏறும்" என்றார். அவர் சொன்னதில் எல்லாமே அடங்கிவிட்டது. பிரஷர் இறங்கியதும் விறகைத் திணிக்கிறார். புது விறகு உள்ளே போனதும் அடுப்பு முதலில் குளிர்கிறது. புகை கிளம்புகிறது. பிரஷர் ஏறவில்லை என்று இன்னும் திணிக்கிறார். கால் மணி நேரம் கழித்து எல்லாம் ஒன்றாகப் பற்றி, வேண்டியதற்கு மேல் பிரஷர் ஏறி, சேஃப்டி வால்வு திறந்து நீராவி வீணாகக் கொட்டுகிறது. திணித்த விறகில் ஒரு பங்கு புகையாகப் போச்சு, இன்னொரு பங்கு வால்வு வழியாகப் போச்சு.

அதற்கு வைத்தியம் சாயம் போடும் தளத்தில் இருந்தது. ஒரு சாஃப்ட் ஃப்ளோ மெஷின் சூடேறி முடிந்த பிறகு அடுத்ததைச் சூடேற்றத் தொடங்குவது, அதற்கு முன்னால் பாய்லர் ஆளுக்கு ஒரு போன் போட்டுச் சொல்வது. தள சூப்பர்வைசரையும் பாய்லர் ஆளையும் ஒரே இடத்தில் உட்கார வைத்துப் பேச வைத்தோம். அதுவரை இருவரும் போனில் திட்டிக்கொண்டதைத் தவிர வேறு பேசியதே இல்லை. காசு செலவில்லாமல் மதியப் புகை பெருமளவு அடங்கியது. சின்னச் சின்னதாக, அடிக்கடி, கதவை உடனே சாத்தி விறகு போடுகிற பழக்கமும் சேர்ந்ததும் விறகு வாங்குவதும் குறைந்தது.

அப்புறம் ஈரம். இந்த ஊர் முதலாளிகள் நூலில் கால் ரூபாய் வித்தியாசத்துக்கு அரை நாள் பேரம் பேசுவார்கள். அவர்களே விறகில் ஏமாறுவதைப் பார்க்க எனக்கு மனசு பொறுக்காது. புதிதாக வெட்டிய சீமைக்கருவேலத்தில் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீராக இருக்கலாம். அப்படி 10 டன் லோடு வந்தால் 5 டன் தண்ணீருக்கு விறகு விலை கொடுக்கிறோம். நன்றாகக் காய்ந்து ஈரம் 20 சதவீதத்துக்கு வந்த விறகென்றால் அதே லோடில் தண்ணீர் 2 டன்தான். வாங்கிய தண்ணீரை அடுப்புக்குள் போட்டு ஆவியாக்கவும் விறகுதான் செலவாகிறது. அடுப்பு குளிர்ந்து புகையும் அதிகமாகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்தவெளியில் குவித்த விறகு எப்படி எரியும் என்று யோசித்துப் பாருங்கள். கூரை போட்ட ஒரு விறகு ஷெட், கையடக்கமான ஓர் ஈரமானி, ஈரத்தைப் பார்த்து விலை பேசுவது. இது மூன்றும் போதும். விறகு வியாபாரி முதல் தடவை முணுமுணுப்பார். இரண்டாம் தடவை காய்ந்த லோடாகவே அனுப்புவார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாய்லர் டியூப்களில் 3 மில்லிமீட்டர் புகைக்கரி படிந்தால் எரிபொருள் சுமார் 2.5 சதவீதம் கூடும். பாய்லருக்குப் போகும் தண்ணீர் 6 டிகிரி கூடுதல் சூடாகப் போனால் சுமார் 1 சதவீதம் எரிபொருள் மிச்சம். எரிசக்தித் தணிக்கையில் எல்லோரும் பயன்படுத்தும் கணக்குகள் இவை. மெஷின்களில் சூட்டைக் கொடுத்துவிட்டுத் தண்ணீராகத் திரும்பும் நீராவியைச் சாக்கடையில் விடாமல் பாய்லர் தொட்டிக்குக் கொண்டுவந்தால் 30 டிகிரி தண்ணீர் 60 டிகிரி ஆகும். அப்போது 5 சதவீத விறகு மிச்சம். எரிக்காத விறகு புகைவதில்லை. புகைக்கு வடிகட்டி போடுவதற்கு முன்னால் இந்த வேலைகளை முடிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இதெல்லாம் ஏட்டுக் கணக்கு, நடைமுறையில் யார் செய்வார்கள் என்று கேட்பவர்களுக்கு வங்காளதேசத்துச் செங்கல் சூளைகளைக் காட்டுவேன். 2025இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு அது. 276 சூளைகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் ஒரு பகுதிக்குப் புது இயந்திரம் எதுவும் கொடுக்காமல் பயிற்சி மட்டும் கொடுத்தார்கள். காற்று சீராகப் போகிற மாதிரி செங்கல்லை அடுக்குவது, நிலக்கரியை மொத்தமாகக் கொட்டாமல் ஒரே ஆள் தொடர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவது, மரத்தூள் கலப்பது, சூடு வெளியேறாமல் மேலே சாம்பலைக் கனமாகப் பரப்புவது. கட்டாயம் ஏதும் இல்லை, அபராதம் இல்லை. பயிற்சி பெற்றவர்களில் 65 சதவீதம் பேர் கடைப்பிடித்தார்கள். கடைப்பிடித்த சூளைகளில் எரிசக்திச் செலவு 23 சதவீதம் குறைந்தது. கரியமில வாயுவும் நுண்துகளும் சுமார் 20 சதவீதம் இறங்கின. எங்கள் பாய்லர் ஷெட்டில் நடப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? எரிக்கிற ஆளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும், சொன்னபடி செய்ய அவருக்கு நேரமும் மரியாதையும் தர வேண்டும். முதலாளிக்கு லாபம் தெரிந்துவிட்டால் அடுத்த சீசனிலும் அவரே தொடர்வார்.

இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டால் கட்டுரை சுகமாக இருக்கும். புகையைக் குறை, காசு மிச்சமாகும், எல்லோருக்கும் நல்லது. ஆனால் அந்த வழி ஓரிடத்தில் முடிந்துவிடுகிறது. எவ்வளவு நன்றாக எரித்தாலும் விறகு அடுப்பிலிருந்து நுண்துகள் வரத்தான் செய்யும். அதைப் பிடிக்க வடிகட்டி வேண்டும். வடிகட்டி ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தராது.

பல பட்டறைகளில் இருப்பது சைக்ளோன். புகையைச் சுழற்றிவிட்டுக் கனமான சாம்பலைக் கீழே விழ வைக்கும் கூம்பு. பெரிய துகள்களை நன்றாகப் பிடிக்கும். மனித நுரையீரலின் அடி ஆழம் வரை போகிற 2.5 மைக்ரானுக்கும் கீழான தூசி அதில் பெரும்பாலும் தப்பிவிடும். அதைப் பிடிக்கத் துணிப்பை வடிகட்டி வேண்டும், நாங்கள் பேக் ஃபில்டர் என்போம். நீளமான துணிப் பைகள் வரிசையாகத் தொங்கும். புகை துணி வழியாகப் புகுந்து வரும்போது தூசி வெளியில் படியும், அவ்வப்போது காற்றழுத்தம் கொடுத்து உதறிவிடுவார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், துணியைவிட அதன்மேல் படிந்த தூசிப் படலம்தான் நன்றாக வடிகட்டுகிறது என்பது. ஒழுங்காக ஓடினால் 99 சதவீதத்துக்கு மேல் தூசியைப் பிடித்துவிடும்.

ஒழுங்காக ஓடினால்! அடுப்புப் பற்றவைக்கும்போது புகை குளிர்ந்திருக்கும். அதிலிருக்கும் ஈரம் பைகளில் படிந்தால் பை அடைத்துக்கொள்ளும். அதனால் சூடேறும்வரை புகையை வேறு வழியாகத் திருப்பிவிட ஒரு பைபாஸ் தட்டு வைத்திருப்பார்கள். அது முறையான ஏற்பாடுதான். திறந்த தட்டைத் திரும்ப மூடாமல் விடுவதில்தான் வினை. மூடினால் விசிறிக்குக் கூடுதல் மின்சாரம், பை மாற்றும் செலவு. இரவு ஷிஃப்டில் யார் பார்க்கப் போகிறார்கள்?

பக்கத்து லைன் வீட்டுக்காரர்கள் பார்க்கிறார்கள். நான் போய்க்கொண்டிருந்த ஒரு பட்டறையின் மதிலுக்கு அந்தப் பக்கம் வரிசையாக ஓட்டு வீடுகள். அங்கே இருப்பவர்களில் பாதிப்பேர் இதே ஊர் பனியன் கம்பெனிகளில் டெய்லராகவும் செக்கிங்கிலும் வேலை செய்பவர்கள். ஷிஃப்ட் முடிந்து இரவில்தான் வீடு திரும்புவதால் பகலில் துணி துவைத்துக் காயப்போட முடியாத ஒரு அம்மா, ராத்திரியே கொடியில் போட்ட பிள்ளையின் வெள்ளைப் பள்ளிச் சட்டையைக் கொண்டுவந்து காட்டினார். தோள்பட்டை முழுக்கப் பொடிப்பொடியாகக் கரும்புள்ளிகள். விரலால் தொட்டால் இழுவிக்கொண்டு வந்தது. "துவைச்சுக் கட்டுப்படி ஆகலைங்க. சட்டை போனாப் போகுது, இவனுக்கு இருமல் நிக்க மாட்டேங்குது" என்றார். சட்டையில் விழுந்தது கண்ணுக்குத் தெரிகிற பெரிய துகள். தெரியாதது உள்ளே போயிருக்கிறது. அந்த முதலாளியிடம் அன்றைக்கு நான் பேசியது சத்தமாகவே இருந்தது. இன்றைக்கும் அதே சத்தத்தில்தான் பேசுவேன்.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அளவின்படி, காற்றில் நுண்துகளின் வருட சராசரி ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. இந்தியாவின் வரம்பு 40. வெளிக்காற்று மாசையே புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பட்டியலில் 2013இல் சேர்த்துவிட்டார்கள். டீசல் புகை அதற்கு முந்தைய வருடமே சேர்ந்தது. இந்த எண்களையெல்லாம் அந்த அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரிய வேண்டியது ராத்திரி அந்தத் தட்டு மூடியிருக்குமா என்பதுதான்.

மூடியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு சின்னக் கருவி போதும். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தைக் காட்டும் மீட்டர். வடிகட்டி வேலை செய்தால் முள் ஓர் அளவில் நிற்கும். பாய்லர் ஓடும்போது முள் பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்தால் பை கிழிந்திருக்கிறது, இல்லாவிட்டால் பைபாஸ் திறந்திருக்கிறது. எந்தப் பட்டறைக்குள் போனாலும் என் கண் முதலில் அந்த முள்ளைத்தான் தேடும். தன் பட்டறையை நல்லபடியாக நடத்த நினைக்கிற முதலாளி, பைபாஸ் தட்டுக்கு ஒரு பூட்டுப் போட்டு, திறக்கிற நேரத்தையும் மூடுகிற நேரத்தையும் எழுத வைத்து, இரவில் மணிக்கு ஒருமுறை அந்த மீட்டரைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் போதும். ஒரு பட்டறையில் இதைச் செய்கிறார்கள். அங்கே கேட்டிலேயே ஒரு போன் எண்ணும் எழுதியிருக்கிறது, புகை வந்தால் அக்கம்பக்கத்தார் கூப்பிடலாம். ஆரம்பத்தில் நிறைய அழைப்பு வந்ததாம். கூப்பிட்டதும் சரியாகிறது என்று தெரிந்த பிறகு கோபமாகப் பேசுவது நின்றுவிட்டது என்றார் மேனேஜர்.

இப்படித் தானாகச் செய்கிறவர்கள் எத்தனை பேர் வருவார்கள் என்ற கேள்வி நியாயமானது. நம்மைப் போலவே துணிக்குச் சாயம் போடுகிற, பாய்லரில் திட எரிபொருள் எரிக்கிற ஊர் சூரத். அங்கே 2019இல் சிம்னிகளில் தொடர்ந்து அளக்கும் கருவிகளைப் பொருத்தி, மொத்தத் தூசிக்கு ஒரு வரம்பு வைத்து, அதற்குள் ஆலைகள் தங்கள் பங்கை வாங்கவும் விற்கவும் வழி செய்தார்கள். முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஆலைகளில் நடந்த சோதனை. அதில் சேர்ந்த ஆலைகளின் தூசி 20 முதல் 30 சதவீதம் வரை குறைந்தது. அது அரசாங்கம் நடத்திய திட்டம், தன்னார்வம் இல்லை. எல்லோரும் ஒரே மாதிரி அளக்கும்போது ஒழுங்காக நடப்பவனுக்கு நஷ்டம் வராது என்பதை அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். வடிகட்டிக்குக் காசு செலவழித்தவர், பைபாஸைத் திறந்து வைத்துக் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்துச் சாயம் போட்டுத் தருகிறவரிடம் ஆர்டரை இழக்கிறார். நல்ல முதலாளிகள் என்னிடம் வருத்தப்பட்டுச் சொல்வது இதைத்தான். தானாக முன்வருகிற பட்டறைகள் ஒரு சங்கமாகச் சேர்ந்து தங்கள் அளவுகளைத் தாங்களே வெளியிட்டால், ஜாப் வொர்க் கொடுக்கிற ஏற்றுமதியாளர்களுக்கு யாரிடம் கொடுப்பது என்று தெரியும்.

ஏற்றுமதியாளர்களைச் சொன்னதும் வெளிநாட்டு பிராண்டுகளையும் சொல்லியாக வேண்டும். சில வருடங்களாக அவர்கள் நிலக்கரி பாய்லரை நிறுத்தச் சொல்கிறார்கள். பருவநிலைக்காக அது சரியான கோரிக்கை. ஆனால் நிலக்கரிக்குப் பதில் விறகு போட்டதும் அவர்களுடைய படிவத்தில் பாய்லரின் கரியமில வாயுக் கணக்கு ஏறக்குறைய பூஜ்யமாகிவிடுகிறது. மரம் வளரும்போது உறிஞ்சியதுதானே திரும்பப் போகிறது என்ற கணக்கு. படிவத்தில் பச்சை டிக். பட்டறைக்குச் சான்றிதழ். மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பிள்ளைக்கு விறகுப் புகையும் புகைதான். ஈர விறகை மோசமாக எரித்தால் முன்பைவிடத் தூசி கூடவும் செய்யலாம். தணிக்கைக்கு வருகிறவர்கள் வருடத்துக்கு எவ்வளவு விறகு என்று கேட்கிறார்கள். சிம்னியில் தூசி எவ்வளவு, இரவில் வடிகட்டி ஓடுகிறதா என்று அழுத்திக் கேட்டவர்களை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

கேட்க வழி இல்லாமல் இல்லை. 2021 நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டின்போது பெரிய நிறுவனங்களைச் சேர்த்துக்கொண்டு தூய காற்றுக்கான கூட்டணி ஒன்று தொடங்கியது. ஐக்கியா, மெர்ஸ்க், கூகுள், சீமென்ஸ் ஆகியவற்றோடு நம் விப்ரோவும் மகிந்திராவும் அதில் இருந்தன. தங்கள் சப்ளை சங்கிலி முழுவதிலும் காற்று மாசை அளப்போம் என்பது அவர்கள் ஏற்றுக்கொண்ட பொறுப்பு. அடுத்த வருடமே அப்படி அளப்பதற்கு ஒரு கையேடும் வந்தது. கரியமில வாயுவுக்கு இருப்பது போலவே நுண்துகளுக்கும் கணக்கு எழுதலாம், கணக்கு எழுதும் முறையும் தயாராக இருக்கிறது. திருப்பூரில் துணி வாங்குகிற ஒரு பெரிய பிராண்டு தன் படிவத்தில் ஒரே ஒரு வரியைச் சேர்த்து, சிம்னித் தூசி அளவைக் கேட்டு, அதற்கான செலவில் ஒரு பங்கைத் துணி விலையில் கொடுத்தால் இங்கே நடக்கும் மாற்றத்தை நோட்டீஸ்களால் கொண்டுவர முடியாது. செலவில் பங்கு கொடுக்காமல் படிவத்தில் அந்த வரியை மட்டும் சேர்த்தால் பொய்க் கணக்குதான் வரும்.

சாயப்பட்டறை இல்லாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. ஜெனரேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். புகைக்குழாய் கட்டடத்துக்கு மேல் எவ்வளவு உயரம் போக வேண்டும் என்பதற்கு எளிய வாய்ப்பாடு உண்டு. ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் கே.வி.ஏ. எண்ணின் வர்க்கமூலத்தை 0.2ஆல் பெருக்கினால் வருகிற மீட்டர். 100 கே.வி.ஏ. என்றால் கூரைக்கு மேல் 2 மீட்டர். மாடியில் தையல் மெஷின்கள் ஓடும் எத்தனை கட்டடங்களில் அந்தக் குழாய் சந்துக்குள், எதிர் வீட்டு ஜன்னலுக்கு நேராக நீட்டிக்கொண்டிருக்கிறது! ஒரு வெல்டரைக் கூப்பிட்டு ஒரே நாளில் முடிக்கிற வேலை. அதற்கப்புறம் கூரையில் சூரியத் தகடு, பேட்டரி என்று யோசிக்கலாம். கண்டெய்னர் லோடு ஏறும்வரை லாரி இன்ஜினை அணைத்து வைக்கச் சொல்லி கேட்டில் நிற்கிற செக்யூரிட்டிக்குச் சொல்லி வையுங்கள். டிரைவருக்கு நிழலும் விசிறியும் கொடுத்தால் அவரே அணைப்பார். கட்டிங் வேஸ்ட்டையும் பாலித்தீன் கவரையும் எரிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். பனியன் துண்டில் எலாஸ்டிக் நூலும் பிரிண்ட் மையும் இருக்கிறது. அடுப்பைப் பற்றவைக்கக் கழிவு ஆயிலில் நனைத்த துணியைப் போடுவதும் அதே கேடுதான்.

பற்றவைக்கும் நேரத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், இது பலருக்கும் தெரியாது. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகக் கிடக்கும், அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோலக் கவிந்திருக்கும். அந்த நேரத்துப் புகை மேலே போக வழியில்லாமல் தெருவிலேயே தேங்கும். வெயில் ஏறித் தரை சூடானதும் காற்று கலந்து புகை கலைந்துவிடும். பாய்லரைக் குளிரிலிருந்து பற்றவைப்பதும், டியூப் கரியை ஊதித் தள்ளுவதும் அதிகம் புகைகிற வேலைகள். வழக்கமாக இரண்டையும் காலை ஐந்து மணிக்குத்தான் செய்கிறார்கள், பால் வாங்கப் போகிறவர்களும் டியூஷனுக்குப் போகிற பிள்ளைகளும் தெருவில் இருக்கிற நேரத்தில். கரி ஊதுவதைப் பிற்பகலுக்குத் தள்ளிவைக்க எந்தச் செலவும் இல்லை. பற்றவைப்பதைத் தள்ள முடியாவிட்டால், முன்தினமே எடுத்துக் காயவைத்த சிறு சிராய்களை வைத்துத் தொடங்கலாம், அடுப்பு சீக்கிரம் சூடாகும்.

கடைசியாக என் பெரிய ஆசை ஒன்று. ஒவ்வொரு பட்டறையும் தனித்தனியாகச் சின்ன பாய்லர், தனித்தனியாகச் சிம்னி, தனித்தனியாக ஒரு வடிகட்டி வைத்துப் பராமரிப்பது கஷ்டம். சின்ன பாய்லரில் நல்ல வடிகட்டி போடக் கட்டுப்படியாகாது, பயிற்சி பெற்ற ஆளையும் வைத்துக்கொள்ள முடியாது. குஜராத்தில் சூரத் பக்கத்துத் தொழிற்பேட்டைகளில் ஒரே பெரிய பாய்லரில் நீராவி தயாரித்துக் குழாய் வழியாகப் பல ஆலைகளுக்கு மீட்டர் வைத்து விற்கிறார்கள். சிம்னி ஒன்று, வடிகட்டி ஒன்று, அளவுக் கருவி ஒன்று. பார்க்க வேண்டிய இடமும் ஒன்றுதான். இதைச் சொன்னால் நம் ஊரில் இது நடக்குமா என்று கேட்கிறார்கள். நடந்திருக்கிறதே! ஆளுக்கொரு பக்கம் விட்டுக்கொண்டிருந்த சாயத் தண்ணீரைப் பொதுக் குழாயில் சேர்த்து, பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டி, பங்கு பிரித்து, வருடக்கணக்காக நடத்திக்கொண்டிருப்பவர்கள் இந்த ஊர்க்காரர்கள்தானே. கணக்கு வழக்கில் சண்டை போட்டுக்கொண்டே சேர்ந்து நடத்துவது எப்படி என்று இவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நீராவிக் குழாய் அதிக தூரம் போனால் சூடு இழக்கும், ஆகவே பட்டறைகள் நெருக்கமாக இருக்கிற இடத்தில்தான் கட்டுப்படியாகும். அப்படி நெருக்கமாக இருக்கிற இடங்கள் இங்கே எத்தனையோ.

அக்கம்பக்கமாக இருக்கிற நான்கு பட்டறைக்காரர்கள் பேசிப் பார்க்கலாம் என்று நினைத்தால், கடந்த ஒரு வருட விறகு பில்களையும் மெஷின் ஓடிய நேரத்தையும் எடுத்து வையுங்கள். பொது பாய்லர் என்ன அளவு வேண்டும், குழாய் எவ்வளவு நீளம், ஒரு கிலோ நீராவி என்ன விலைக்கு நிற்கும், வடிகட்டிக்கு மாதம் எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்ற கணக்கு முழுவதையும் நான் போட்டுத் தருகிறேன். அதற்குக் கட்டணம் வேண்டாம். கூட்டத்தை மட்டும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வையுங்கள், மதிலுக்கு அந்தப் பக்கத்து வீடுகளில் இருந்தும் இரண்டு பேரைக் கூப்பிட வேண்டும், அவர்களுக்கு அன்றைக்குத்தான் லீவு.